ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேடுவது எப்படி: சான்றிதழ், கணக்கெடுப்பு, ஏழை நிவாரணப் பேரேடு, டிஎன்ஏ

புதிதாகத் தேடத் தொடங்குபவர் பெரும்பாலும் முதலில் வாங்குவது டிஎன்ஏ சோதனைப் பெட்டி. சில வாரம் கழித்து ஒரு வண்ண வரைபடமும், முன்பின் தெரியாத சில ஆயிரம் பேரின் பெயர்ப் பட்டியலும் வந்து சேரும். அதை வைத்து என்ன செய்வது என்று புரியாமல் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் சான்றிதழ்கள், அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதற்கடுத்து ஏழை நிவாரணப் பேரேடுகள். காகிதம் பேசாமல் போகும் இடத்தில் டிஎன்ஏ. சோதனையை இன்றைக்கே அனுப்புவதில் தவறில்லை. வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் அனுப்பித்தான் ஆக வேண்டும். முடிவைப் படிக்கும் வேலையை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

1855 என்ற கோடு

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1 அன்று. இங்கிலாந்து 1837-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் பதினெட்டு ஆண்டு தாமதமாக வந்த ஸ்காட்லாந்துப் பதிவில்தான் விவரம் அதிகம். திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தாய், தந்தை பெயர்களும் இருக்கும். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் சேர்ந்தே வரும். இறப்புப் பதிவிலும் அப்படியே. எண்பது வயதில் 1860-ல் இறந்த ஒரு கிழவியின் பதிவு, 1750-களில் பிறந்திருக்கக்கூடிய அவள் பெற்றோரின் பெயரைச் சொல்லிவிடும். இங்கிலாந்தின் இறப்புப் பதிவில் இதை எதிர்பார்க்க முடியாது.

முதல் ஆண்டான 1855-ன் படிவம் மிகப் பெரியது. பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணமான நாளும் இடமும், அதற்கு முன் பிறந்த பிள்ளைகள் எத்தனை என்பது வரை கேட்டார்கள். இறப்புப் பதிவில் இறந்தவர் பிறந்த ஊர், பிள்ளைகள் அனைவரின் பெயர், அடக்கம் செய்த இடம். இத்தனையும் எழுதி மாளாது என்று மறு ஆண்டே பலவற்றை வெட்டிவிட்டார்கள். 1856 முதல் 1860 வரை பிறப்புப் பதிவில் பெற்றோரின் திருமண விவரம் இல்லை; இறப்புப் பதிவில் கணவன் அல்லது மனைவியின் பெயர் இல்லை. 1861 முதல் இவ்விரண்டும் திரும்பி வந்தன. ஆகவே உங்கள் நேர் மூதாதை 1858-ல் பிறந்திருந்தால் அந்தச் சான்றோடு நிற்காதீர்கள். 1855-லோ 1861-க்குப் பிறகோ பிறந்த அண்ணன், தங்கை யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். பெற்றோர் எங்கே, எந்த நாளில் மணந்தார்கள் என்பது அந்த உடன்பிறப்பின் சான்றில் இருக்கும்.

தேடும் இடம் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளம். பெயர்ப் பட்டியலில் தேடுவதற்குக் காசில்லை. மூலப் பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் கிரெடிட் (முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கும் புள்ளி) வேண்டும். சான்றிதழ், பழைய பாரிஷ் (ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர்ப்பகுதி) பதிவு, கணக்கெடுப்பு ஆகியவற்றுக்குப் படம் ஒன்றுக்கு 6 கிரெடிட், சொத்து மதிப்பீட்டுப் பட்டியலுக்கு 2, உயிலுக்கு 10 என்பது நெடுநாளாக இருந்துவரும் கணக்கு. 30 கிரெடிட்டுக்கு ஏழரை பவுன். வாங்கும் முன் விலையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தனியுரிமை காரணமாகப் பிறப்புப் படங்கள் 100 ஆண்டு, திருமணம் 75, இறப்பு 50 ஆண்டு கழித்தே இணையத்தில் திறக்கும். எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் மையத்துக்கு நேரில் போனால் ஒருநாள் கட்டணத்தில் அண்மைக்காலப் பதிவுகளையும் திரையில் பார்க்கலாம்.

காசு வீணாவது எங்கே என்றால், பெயர் ஒத்துப்போகிறது என்ற ஒன்றை மட்டும் நம்பிப் படங்களை வரிசையாகத் திறப்பதில். ஜான் மெக்டொனால்ட் என்று தேடினால் ஒரே ஆண்டில் பக்கம் பக்கமாக வரும். திறப்பதற்கு முன் மாவட்ட எண்ணைப் பாருங்கள்: 644 என்று தொடங்குவது கிளாஸ்கோ, 685 எடின்பரோ. இறப்புப் பட்டியலில் தாயின் குடும்பப் பெயர் பல ஆண்டுகளுக்குத் தரப்பட்டிருக்கும். அதை வைத்தே பாதிப் பேரைக் கழித்துவிடலாம். ஸ்காட்லாந்தில் பெண் மணமான பின்னும் சட்டப் பதிவுகளில் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. இறப்புப் பட்டியலில் அவளை இரண்டு பெயரிலும் தேடலாம்.

சான்றைக் கையில் எடுத்ததும் முதலில் கீழே பாருங்கள், தகவல் தந்தவர் யார் என்று. மகன் என்றால் பாட்டியின் பெயரை அறிந்திருப்பான். மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ என்றால் பெற்றோர் கட்டத்தில் இருப்பது ஊகமாக இருக்கலாம். தாயின் பெயருக்குப் பதில் மாமியார் பெயரைச் சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அடுத்து இடது ஓரத்தைப் பாருங்கள். அங்கே குறுக்காக ஏதாவது எழுதியிருந்தால் திருத்தப் பதிவேட்டில் கூடுதல் விவரம் இருக்கிறது என்று பொருள். திடீர் மரண விசாரணையாக இருக்கலாம். தந்தை இன்னார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததாகவும் இருக்கலாம். இந்த ஓரக் குறிப்பைக் கவனிக்காமல் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிக விலையுயர்ந்த தவறு.

கணக்கெடுப்பை எப்படிப் படிப்பது

1841 முதல் பத்தாண்டுக்கு ஒன்று. 100 ஆண்டுக்குப் பிறகே திறப்பார்கள். இப்போது பார்க்கக் கிடைப்பதில் கடைசி 1921. அது 2022 நவம்பரில் வெளியானது, ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் மட்டும். 1841 முதல் 1901 வரையிலானவற்றின் எழுத்துப்படிகள் ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் தளங்களிலும், சில மாவட்டங்களுக்கு ஃப்ரீசென் தளத்தில் இலவசமாகவும் உண்டு. அவற்றை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டு, மூலப் படத்தை மட்டும் காசு கொடுத்துத் திறப்பது சிக்கனமான வழி. மூலத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். படியெடுத்தவருக்குக் கேலிக் (மலைநாட்டிலும் தீவுகளிலும் பேசிய மொழி) ஊர்ப்பெயர் புரிந்திருக்காது.

1841-ஐ நம்பிக்கையோடு படித்தால் வழுக்கி விழுவீர்கள். அதில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். யாருக்கு யார் என்ன உறவு என்ற கட்டமே இல்லை. ஒரே வீட்டில் நாற்பது வயது ஆணும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணும் இருந்தால் கணவன் மனைவி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். பிறந்த இடத்துக்கு, இதே மாவட்டமா இல்லையா என்ற விடை மட்டும்தான். அயர்லாந்து, இங்கிலாந்து, வெளிநாடு என்றால் ஓர் எழுத்து. ஃபைஃப் மாவட்டத்தில் கூப்பர், கர்க்கால்டி உட்படச் சில பாரிஷ்களின் 1841 ஏடுகள் தொலைந்தே போயின. அங்கே ஆள் கிடைக்கவில்லை என்றால் குற்றம் உங்கள் தேடலில் இல்லை.

1851 முதல் உறவு, மணநிலை, பிறந்த பாரிஷ் எல்லாம் வந்துவிடுகின்றன. 1861 முதல் ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்றும் கேட்டார்கள். அந்த எண்ணிக்கையைப் புதியவர்கள் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் எட்டுப் பேர், ஜன்னல் உள்ள அறை ஒன்று என்ற ஒரு வரி, அந்தக் குடும்பம் அடுத்த காய்ச்சலில் நிவாரணம் கேட்டு நின்றிருக்கும் என்று சொல்லாமல் சொல்கிறது. 1891-ல் கேலிக் மட்டும் பேசுபவர், இரண்டும் பேசுபவர் என்ற குறிப்பு உண்டு. 1911-ல் மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்போர் எத்தனை என்று இருக்கும். ஏழு பிறந்து நால்வர் இருக்கிறார்கள் என்றால், சான்றுகளில் நீங்கள் இன்னும் காணாத குழந்தைகள் உண்டு.

ஒருவரை எல்லாக் கணக்கெடுப்பிலும் வரிசையாகப் பின்தொடருங்கள், பிறந்த இடத்தைத் தனியே எழுதிக்கொண்டே வாருங்கள். ஐந்து முறையில் மூன்று முறை ஒரே பாரிஷ் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். வயது இரண்டு மூன்று ஆண்டு முன்பின் போவது சாதாரணம். பெயரும் நிலையாக இருக்காது. ஜேனட், ஜெஸ்ஸி இரண்டும் ஒருவரே. ஜீன், ஜேன் அப்படியே. பீட்டரும் பேட்ரிக்கும் ஒருவரே. டொனால்ட் நகரத்துக்கு வந்ததும் டேனியல் ஆகிவிடுவான். மோர் என்ற கேலிக் பெயருடையவள் ஒரு கணக்கெடுப்பில் மேரியன், அடுத்ததில் சாரா. குடும்பப் பெயரில் ‘மெக்’, ‘மேக்’ வேறுபாட்டுக்குப் பொருளே கிடையாது. நட்சத்திரக் குறியிட்டு இரண்டையும் சேர்த்தே தேடுங்கள். மென்சிஸ் என்று எழுதியிருப்பதை மிங்கிஸ் என்று படிக்கும் வழக்கம் உண்டு. பழைய ஸ்காட்ஸ் எழுத்து ஒன்றை அச்சுக்காரர்கள் வேறோர் எழுத்தாக மாற்றியதால் வந்த வினை. காதில் விழுந்தபடி எழுதிய எழுத்தர் ஒருவர் இந்தப் பெயரை எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று யோசித்துத் தேட வேண்டும்.

இடம் தெரிந்ததும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தைத் திறந்து, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம், இருபத்தைந்து அங்குலம் என்ற அளவில் வரைந்த ஆர்ட்னன்ஸ் (அரசு நில அளவை) வரைபடத்தில் அந்தப் பண்ணையையோ தெருவையோ கண்டுபிடியுங்கள். இலவசம். பாரிஷ் எல்லை எங்கே ஓடுகிறது என்று அதில் தெரியும். அடுத்த பகுதிக்கு அது மிக முக்கியம்.

ஏழை நிவாரணப் பேரேடு

பணக்காரர்கள் உயிலையும் நிலப் பத்திரத்தையும் விட்டுப் போனார்கள். அவை சொத்தைப் பற்றிப் பேசும். ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் நாள்வாழ்க்கையை முழுதாக எழுதி வைத்தது நிவாரண அலுவலர்தான். அன்பினால் அல்ல, யார் தலையில் செலவைக் கட்டுவது என்ற கணக்குக்காக. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் பேரேட்டை எங்கே தேடுவது என்பதும் புரிந்துவிடும்.

1845-க்கு முன் ஏழைகளைப் பார்த்துக்கொண்டது பாரிஷ் தேவாலயத்தின் மூப்பர் அவையும் நிலக்கிழார்களும். 1845-ன் ஏழைச் சட்டம் பாரிஷ்தோறும் ஒரு வாரியத்தையும், நிவாரண ஆய்வாளர் என்ற சம்பள அலுவலரையும் கொண்டுவந்தது. 1890-களின் நடுவில் வாரியங்களின் இடத்தில் பாரிஷ் மன்றங்கள் வந்தன. 1930-ல் பொறுப்பு மாவட்ட, நகர மன்றங்களுக்குப் போனது. 1948-ல் முறையே முடிவுக்கு வந்தது. ஸ்காட்லாந்துச் சட்டத்தின் தனித்தன்மை ஒன்றுண்டு. உடல் வலுவுள்ளவருக்கு வேலையில்லை என்ற காரணத்துக்காக மட்டும் நிவாரணம் கேட்கும் உரிமை கிடையாது. நோய், முதுமை, ஊனம், கைக்குழந்தை என ஏதாவது இருக்க வேண்டும். 1921-ல்தான் வேலையில்லாதோருக்கும் கதவு திறந்தது. அதனால் அதற்கு முந்தைய மனுக்களில் பெண்களும் முதியவர்களும் அநாதைக் குழந்தைகளுமே மிகுதி. ஓர் ஆண் வந்தால் அவனுக்கு என்ன நோய் என்றும் எழுதியிருக்கும்.

செலவு யாருடையது என்பதைத் தீர்மானிப்பது அவர் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவர் என்பது. பிறந்த பாரிஷ் ஒரு வழி. ஐந்தாண்டு தொடர்ந்து பிச்சை எடுக்காமல், நிவாரணம் வாங்காமல் குடியிருந்தால் அந்தப் பாரிஷ் (1898-ல் இது மூன்றாண்டாகக் குறைந்தது). மனைவிக்குக் கணவனுடையது, குழந்தைக்குத் தந்தையுடையது. அதனால் ஆய்வாளர் மனுதாரரைக் கிளறிக் கிளறிக் கேட்டார்: கடந்த ஐந்தாண்டில் எந்தெந்தத் தெருவில், எத்தனை மாதம், வாடகை எவ்வளவு, யார் வீட்டில்? எங்கே பிறந்தாய், பெற்றோர் யார், உயிரோடு இருக்கிறார்களா? எந்த நாளில், எந்தப் போதகர் முன் மணந்தாய்? பிள்ளைகள் யார், வயதென்ன, சம்பாதிப்பவன் எவ்வளவு கொண்டுவருகிறான்? கணவன் எங்கே ஓடினான்? மணமாகாத தாய் என்றால் குழந்தையின் தந்தை யார்? சொன்னது உண்மைதானா என்று வீட்டுக்கே போய்ப் பார்த்து, போன நாளையும் நேரத்தையும் குறித்து வைத்தார். ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை கிடைப்பது அரிதல்ல.

அயர்லாந்திலிருந்து வந்த குடும்பங்களைத் தேடுவோருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. கணக்கெடுப்பில் ‘அயர்லாந்து’ என்று ஒரே சொல்லோடு முடிந்துவிடும். ஸ்காட்லாந்தில் உரிமை இல்லாத அயர்லாந்துக்காரரை ஊருக்குத் திருப்பி அனுப்பலாம் என்று சட்டம் இருந்ததால், நிவாரண மனுவில் அவர் பிறந்த மாவட்டத்தையும், பல சமயம் பாரிஷையும் கேட்டு எழுதினார்கள்.

குடும்பத்தில் யாரும் நிவாரணம் வாங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை என்று இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். யாரும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளும் செய்தி அல்ல அது. அறிகுறிகளைப் பாருங்கள். கணக்கெடுப்பிலோ இறப்புச் சான்றிலோ தொழில் கட்டத்தில் ‘பாப்பர்’ (நிவாரணம் வாங்கும் ஏழை) என்ற சொல். நாற்பது வயதுக்குள் கணவனை இழந்து சிறு பிள்ளைகளோடு நிற்கும் தாய். இறந்த இடம் ஏழையர் விடுதி. கிளாஸ்கோவில் பார்ன்ஹில், மெரிஃபிளாட்ஸ் என்ற பெயர்களைக் கண்டால் அவை ஏழையர் விடுதிகள்தான். மெரிஃபிளாட்ஸ்தான் பின்னாளில் சதர்ன் ஜெனரல் மருத்துவமனை ஆனது. இருபதாம் நூற்றாண்டுச் சான்றுகளில் களங்கம் தெரியாதபடி விடுதியின் பெயரை விட்டுவிட்டுத் தெரு முகவரியை மட்டும் போடும் வழக்கமும் வந்தது. ஆகவே வீட்டு முகவரியோடு ஒட்டாத ஓர் எண்ணைக் கண்டால் வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.

பேரேடுகள் ஒரே இடத்தில் இல்லை. பெரும்பாலானவை அந்தந்த மாவட்ட மன்றக் காப்பகத்தில். சில மாவட்டங்களுடையவை எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசியப் பதிவகத்தில். பல பாரிஷ்களுடையவை அழிந்தே போயின. மிகச் சிறந்த சேகரம் கிளாஸ்கோவின் மிட்செல் நூலகத்தில் உள்ள நகரக் காப்பகத்துடையது. கிளாஸ்கோ நகரப் பாரிஷ் 1851 முதல், பேரனி 1861 முதல், கோவன் 1876 முதல் என மனுக்கள் குவிந்திருக்கின்றன. பேரனி 1898-ல் நகரப் பாரிஷோடு இணைந்தது. கிளைட் ஆற்றின் தென்கரையில் இருந்த குடும்பத்தை நகரப் பாரிஷில் தேடிக் காணவில்லை என்று சோர்ந்துபோவோர் உண்டு. அவர்கள் கோவனில் இருப்பார்கள்.

காப்பகத்துக்கு எழுதும்போது ‘என் மூதாதை பற்றி ஏதாவது உண்டா’ என்று எழுதினால் பலன் குறைவு. முழுப் பெயர், பெண்ணானால் இரு குடும்பப் பெயர்களும், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, கணவன் அல்லது மனைவி பெயர், கணக்கெடுப்பில் கிடைத்த முகவரியும் ஆண்டும், மதம் ஆகியவற்றை ஐந்து வரியில் கொடுங்கள். ‘மனுப் பேரேடு’, ‘ஏழைகளின் பொதுப் பதிவேடு’, ‘குழந்தைகள் பதிவேடு’, ‘வாரியக் கூட்டக் குறிப்பு’ என்று எவை எவை இருக்கின்றன என்றும் கேளுங்கள். முதலாவது எல்லா மனுதாரரையும் பற்றியது. இரண்டாவதில் நிவாரணம் பெற்றவர்கள் மட்டும். மறுக்கப்பட்டவர் முதலாவதில்தான் இருப்பார். அண்மைக்காலப் பேரேடுகள் தனியுரிமைக்காக மூடியிருக்கும்.

அனுபவப்பட்டவர்களும் மறந்துவிடும் ஒன்று: இரண்டாவது பாரிஷ். ஒருவர் கிளாஸ்கோவில் நோயில் விழுந்து நிவாரணம் கேட்டால் கிளாஸ்கோ முதலில் பணம் கொடுக்கும், பிறகு அவர் சொந்தப் பாரிஷுக்கு எழுதிக் காசைக் கேட்கும். அந்தப் பாரிஷ் ‘இவர் எங்களவர் அல்ல’ என்று பதில் எழுதும். இந்தச் சண்டை இரண்டு ஊர்ப் பேரேட்டிலும் பதிவாகியிருக்கும். ஓர் ஊரின் ஏடு அழிந்திருந்தால் மற்றதைக் கேட்டுப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்று. ஸ்காட்லாந்து வாரியங்கள் அநாதைக் குழந்தைகளை விடுதியில் வைப்பதைவிடக் கிராமத்துக் குடும்பங்களிடம் காசு கொடுத்து வளர்க்க விடுவதையே விரும்பின. கிளாஸ்கோக் குழந்தைகள் பலர் மலைநாட்டுக்கும் மேற்குத் தீவுகளுக்கும் போனார்கள். கணக்கெடுப்பில் ஒரு தீவுக் குடும்பத்தில் குடும்பப் பெயர் ஒட்டாத, கிளாஸ்கோவில் பிறந்த ‘போர்டர்’ (காசுக்குத் தங்கவைக்கப்பட்டவன்) சிறுவன் இருந்தால் இதுவாகத்தான் இருக்கும். அவன் வளர்ந்து அங்கேயே மணந்து, பேரன் பேத்திகள் தங்களைத் தீவுக்காரர் என்றே நம்பியிருப்பார்கள். டிஎன்ஏ முடிவில் அந்தத் தீவுக்காரர் ஒருவர்கூட ஒத்துப்போகாதபோதுதான் குழப்பம் தொடங்கும்.

1855-க்கு முன்

பழைய பாரிஷ் பதிவேடுகள் 1553 முதல் 1854 வரை. மிகப் பழையது எரல் பாரிஷுடையது. அவற்றில் இருப்பது பிறப்பல்ல, ஞானஸ்நானம்; திருமணமல்ல, திருமண அறிவிப்பு. அடக்கப் பதிவு பல ஊர்களில் இல்லவே இல்லை. பதிவது கட்டாயமும் அல்ல. 1783 முதல் 1794 வரை பதிவு ஒன்றுக்கு மூன்று பென்னி வரி இருந்ததால் ஏழைகள் பதியாமலே விட்டார்கள். 1843-ல் தேசியத் திருச்சபை பிளந்து சுதந்திரத் திருச்சபை தோன்றியபின் பெருங்கூட்டம் வேறு ஏடுகளுக்குப் போய்விட்டது. கத்தோலிக்கர் ஏடும் தனி.

இங்கே பெயரிடும் மரபு கைகொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா, மூன்றாமவனுக்குத் தந்தை. மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி, அடுத்தவளுக்கு அப்பாவழிப் பாட்டி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அதை எத்தனை பேர் மீறுவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். இது துப்பு, சான்றல்ல.

மூப்பர் அவைக் குறிப்பேடுகளை ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். பெயர்ப் பட்டியல் கிடையாது, பொறுமைதான் கருவி. மணமாகாமல் குழந்தை பெற்றவளை அவை முன் நிறுத்தித் தந்தை யார் என்று விசாரித்தது அவற்றில் இருக்கும். குழந்தை பிறந்த நாளுக்கு ஆறு மாதம் முன்னிருந்து ஓராண்டு பின்வரை படியுங்கள்.

டிஎன்ஏ: சாட்சி, நீதிபதி அல்ல

நெருங்கிய உறவுக்கு ஆட்டோசோமல் சோதனை (தாய்வழி, தந்தைவழி இரண்டையும் காட்டுவது). தரவுத்தளம் மிகப் பெரியது என்பதால் ஆன்செஸ்ட்ரியில் தொடங்குவது நல்லது. அது வெளித் தரவை ஏற்காது, ஆனால் அங்கிருந்து தரவை இறக்கி ஃபேமிலிட்ரீ டிஎன்ஏ, ஜெட்மேட்ச் தளங்களில் ஏற்றலாம். எச்சில் கொடுப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து உண்ணவோ குடிக்கவோ கூடாது. குடும்பத்தில் மூத்த தலைமுறையைச் சோதியுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை பாதி மரபுக்கூறு கழிந்துபோகிறது. அவர்களின் சம்மதம் வேண்டும், எதிர்பாராத உண்மை வெளிவரலாம் என்று முன்கூட்டிச் சொல்லவும் வேண்டும்.

இனக்கலப்பு விழுக்காட்டை ஓரமாக வையுங்கள். தாழ்நில ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து, பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரர் குடியேறிய, அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டர் ஆகியவற்றை அது சரியாகப் பிரிக்காது. வேலைக்கு உதவுவது ஒத்துப்போவோர் பட்டியல். பகிரும் அளவு சென்டிமார்கன் என்ற அலகில் வரும். ஒன்றுவிட்ட சகோதரர் என்றால் சராசரி 866 (396 முதல் 1397 வரை போகலாம்), இரண்டுவிட்டவர் 229, மூன்றுவிட்டவர் 73, சுழியமாகவும் இருக்கலாம், நான்குவிட்டவர் 35. இரண்டுவிட்டவர்வரை ஒத்துப்போகாமல் இருந்தால் உறவு மரத்தில் எங்கோ தவறு. நான்குவிட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பட்டியலில் வரவே மாட்டார்கள். அதனால் எதுவும் நிரூபணமாகாது.

படிகள் இவை. 400 முதல் 90 சென்டிமார்கன் வரை உள்ளவர்களை ஒரு தாளில் இறங்குவரிசையில் எழுதுங்கள். முதலாமவருக்கு ஒரு நிறம். அவரோடு பொதுவாக ஒத்துப்போகும் எல்லோருக்கும் அதே நிறம். நிறமில்லாத அடுத்தவருக்கு இன்னொரு நிறம். முடிவில் நான்கு கூட்டம் கிடைத்தால் அவை உங்கள் நான்கு தாத்தா பாட்டிகளின் வழிகள். இந்த முறைக்கு லீட்ஸ் முறை என்று பெயர். தெரிந்த உறவினர் ஒருவர் எந்தக் கூட்டத்தில் இருக்கிறாரோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். பெயரில்லாத கூட்டத்தின் உறவு மரங்களை அடுக்கிப் பார்த்து, மீண்டும் மீண்டும் வரும் குடும்பப் பெயரையும் பாரிஷையும் குறியுங்கள். அந்த மரங்களை அப்படியே நம்பாதீர்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளவர்கள் ஒருவர் தவறை ஒருவர் படியெடுத்தவை ஏராளம். ஒவ்வொன்றையும் ஸ்காட்லாந்துச் சான்றோடு ஒட்டிப் பாருங்கள்.

தீவுகளில் கணக்கு ஏமாற்றும். லூயிஸ், யூயிஸ்ட் போன்ற இடங்களில் ஒரே சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் மணந்தன. மாமன் மகளைக் கட்டிய குடும்பத்தில் ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று வழியில் உறவாவது நமக்குத் தெரிந்ததுதான். அங்கே 60 சென்டிமார்கன் வந்தால் மூன்றுவிட்ட சகோதரர் என்று குதிக்காமல், பகிரும் டிஎன்ஏவில் மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். பத்துப் பத்தாக ஆறு துண்டு என்றால் பழைய உறவுகள் பல சேர்ந்தது. ஒரே துண்டே 40 என்றால் அண்மை உறவு.

ஆண்வழிக்கான ஒய் டிஎன்ஏ சோதனை தந்தைவழிக் குடும்பப் பெயரை ஆராய உதவும். ஆனால் கேம்பெல் என்ற பெயருடையவர் எல்லோரும் ஒருவனுக்குப் பிறந்தவர்கள் அல்லர். குலத்தலைவனின் நிலத்தில் குடியிருந்தோரும் பாதுகாப்புத் தேடி வந்தோரும் அவன் பெயரையே சூடிக்கொண்டார்கள்.

தந்தை பெயர் இல்லாத ஒரு பிறப்புச் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1855-க்குப் பிறகு மணமாகாத தாயின் குழந்தைக்குத் தந்தையும் உடன்வந்து கையெழுத்திட்டால்தான் அவன் பெயர் ஏறும். முதலில் ஓரக் குறிப்பு. அடுத்து அந்தப் பாரிஷின் நிவாரண மனு: குழந்தை பிறந்த மாதத்தைச் சுற்றித் தாய் பெயரில் தேடுங்கள், தந்தையின் பெயரும் தொழிலும் அதில் இருக்கலாம். பிறகு ஷெரிஃப் நீதிமன்ற (வட்டார நீதிமன்றம்) வழக்குகள். ஸ்காட்டிஷ் இன்டெக்ஸஸ் தளத்தில் தந்தைமை வழக்குகளின் பட்டியல் இலவசம். பிறகு மூப்பர் அவை. இப்படி ஒரு பெயர் கிடைத்ததும் கணக்கெடுப்பில் அவன் உடன்பிறந்தாரைக் கண்டுபிடித்து, அவர்களின் வழிவந்தவர்கள் உங்கள் பெயரில்லாத நிறக் கூட்டத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். டிஎன்ஏ மட்டும் என்றால் நான்கு அண்ணன் தம்பிகளில் எவன் என்று சொல்லாது. அதைச் சொல்வது அந்த ஆண்டு யார் எந்தப் பண்ணையில் வேலை செய்தான் என்ற காகிதம்தான்.

சென்னையிலும் மலையகத்திலும் முடியும் தடங்கள்

ஸ்காட்லாந்துக்காரர் சிலரின் தடம் நம் பக்கம் வந்து முடியும். சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபிஸ் பதிவுகளில் என்/2 வரிசையில் உள்ளன. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் போன்ற ஸ்காட்ஸ் தேவாலயத்தாரைத் தேடுவோர் அங்கே தொடங்கலாம். இலங்கையை அதில் தேடாதீர்கள். அது தனிக் குடியேற்ற நாடாக ஆளப்பட்டதால் பதிவுகள் இலங்கையின் பதிவாளர் நாயகத்திடமும், கொள்ளுப்பிட்டி, கண்டி ஸ்காட்ஸ் கர்க் போன்ற தேவாலயங்களிலும்தான்.

தோட்டத்துரை ஒருவர் கொள்ளுத்தாத்தா என்ற குடும்பப் பேச்சு மட்டும் இருந்தால் டிஎன்ஏ நிறக் கூட்ட முறையே முதல் படி. பெயர் கிடைத்ததும் அவர் உயிலைத் தேடுங்கள். ஸ்காட்லாந்தில் சொத்து வைத்துவிட்டு வெளிநாட்டில் இறந்தவரின் உயில் அவர் பிறந்த அபர்டீனிலோ கின்கார்டினிலோ இருக்காது. எடின்பரோ நீதிமன்றத்தின் கீழ்தான் பதிவாகும்.